சுக்கான் மிதிகள் (வீட்டுப் பறப்புப் பாவனையாக்கி)

சுக்கான் மிதிகள் என்பவை, வானூர்தியின் வாலில் செங்குத்தாக அமைந்துள்ள சுக்கானை விமானி தன் கால்களால் இயக்கப் பயன்படும் இணை மிதிகள் ஆகும். வீட்டுக் கணினியில் இயங்கும், சிமுலேட்டர் எனப்படும் பறப்புப் பாவனையாக்கிகளில் இதே பணியைச் செய்யும் உள்ளீட்டுக் கருவியும் இப்பெயராலேயே அழைக்கப்படுகின்றது. யூ.எஸ்.பி. வழியாகக் கணினியுடன் இணையும் இக்கருவி பெரும்பாலும் மூன்று அச்சுகளைக் கொண்டிருக்கும். சுக்கானுக்கு ஓர் அச்சும், இடது, வலது சக்கரத் தடைகளுக்கு ஒவ்வோர் அச்சும் உண்டு. இக்கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையையும், சென்னைக்கு அருகே திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பகுதிகளில் வாழும் ஒருவர் அதைத் தாமே செய்துகொள்வதற்கான வாய்ப்பையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரப் பறப்பு அனுபவம் தேவை. வீட்டுப் பாவனையாக்கியில் செலவிடும் நேரத்தில் ஒரு நிமிடம்கூட அக்கணக்கில் சேராது. ஆயினும் அங்கே கால்கள் பெறும் பழக்கம், நல்லதாயினும் தீயதாயினும், உண்மையான விமானி அறைக்குள் உடன் வந்துவிடும். பறப்புப் பயிற்சிக்கு மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தும் மாணவர், முதல் சில மணி நேரத்தைத் தவறான பழக்கத்தை மறப்பதற்கே செலவிட நேர்வது சிறிய இழப்பன்று. கால்களுக்கு வேலையே இல்லாமல் பல ஆண்டுகள் திரையில் பறந்தவர்களிடம் இக்குறை அதிகம் காணப்படும்.

சுக்கானின் பணி

படகின் சுக்கான் படகைத் திருப்புவது போல வானூர்தியின் சுக்கான் வானூர்தியைத் திருப்புகின்றது என்பது பரவலான தவறான கருத்து. வானூர்தி சாய்வதனாலேயே திரும்புகின்றது. ஒரு பக்கம் சாயும்போது இறக்கைகளின் ஏற்றுவிசையில் ஒரு பங்கு அப்பக்கமாக இழுக்க, பறக்கும் பாதை வளைகின்றது. சுக்கானின் வேலை, அவ்வளைவில் மூக்கைப் பாதையோடு ஒத்த திசையில் வைத்திருப்பதாகும்.

சாய்வை உண்டாக்குபவை இறக்கைகளின் பின்விளிம்பில் நுனிப்பக்கமாக அமைந்த ஏலரான்கள். வலப்புறம் சாய்க்கும்போது இடது இறக்கையின் ஏலரான் கீழே இறங்கும். அதனால் அவ்விறக்கையின் ஏற்றுவிசை கூடுகின்றது. ஏற்றுவிசை கூடும் இடத்தில் காற்றின் இழுவையும் கூடும். விளைவாக, வலப்புறம் திரும்ப விரும்பும் வானூர்தியின் மூக்கு முதலில் இடப்புறமாக இழுபடுகின்றது. இதை எதிர்த்திசை மூக்குத்திருப்பம் எனலாம். சாய்க்கும் அதே வேளையில் வலது மிதியையும் அளவாக அழுத்தினால் இது சரியாகிவிடும். நீண்ட இறக்கைகளைக் கொண்ட கிளைடர்களில் இவ்விளைவு மிகுதி.

கால் சரியாக வேலை செய்கின்றதா என்பதைக் காட்டக் கருவிப்பலகையில் ஒரு சிறு கருவி உண்டு. வளைந்த கண்ணாடிக் குழாயில், திரவத்துக்குள் உருளும் ஒரு குண்டுதான் அது. குண்டு எப்பக்கம் ஒதுங்குகின்றதோ அப்பக்க மிதியை அழுத்த வேண்டும் என்பது பயிற்சியாளர்கள் முதலில் சொல்லித்தரும் விதி. மெதுவாகப் பறந்துகொண்டு, தரையிறங்கும் கடைசித் திருப்பத்தில் குண்டை ஒதுங்கவிட்டால், ஓர் இறக்கை மற்றதற்கு முன்பே ஏற்றுவிசையை இழந்து வானூர்தி சுழன்று விழக்கூடும். தரைக்கு அண்மையில் அச்சுழற்சியிலிருந்து மீள்வதற்கு உயரம் இராது.

உந்துவிசிறியும் மூக்கைத் திருப்பும். செஸ்னா 172 போன்ற வானூர்திகளில் விமானியின் இடத்திலிருந்து பார்த்தால் உந்துவிசிறி வலஞ்சுழியாகச் சுழல்வதால், புறப்படும்போது மூக்கு இடப்புறம் இழுபடும். வலது காலுக்கு வேலை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவில் பயிற்சிக்குப் பயன்பட்ட டைகர் மாத் வானூர்தியில் உந்துவிசிறி இடஞ்சுழி. அங்கே இடது காலுக்கு வேலை. நல்ல பாவனையாக்கி மென்பொருள் இவ்வேறுபாட்டைக் காட்டும். மிதி இல்லாதவருக்கு மென்பொருள் தானே சுக்கானை இயக்கிவிடும் வசதியும் உண்டு. அவ்வசதியை அணைக்காமல் பறப்பவர் மேலே சொன்ன எதையும் உணரப் போவதில்லை.

வரலாறு

ரைட் சகோதரர்கள் தம் 1902 ஆம் ஆண்டுக் கிளைடரில், இறக்கையை முறுக்கும் இடுப்புத் தொட்டிலுடனேயே சுக்கானையும் கம்பியால் இணைத்திருந்தனர். 1905 இல் சுக்கானைப் பிரித்துத் தனிக் கைப்பிடியால் இயக்கினர். கையில் கட்டுப்பாட்டுத் தண்டு, காலில் சுக்கான் சட்டம் என்ற இன்றைய முறை பிரான்சின் லூயி பிளேரியோவின் வானூர்திகளில் 1908 அளவில் உருப்பெற்றது. பாவனையாக்கிகளில் மிதி இடம்பெற்றதும் பழைய செய்தியே. அமெரிக்காவில் பியானோவும் ஆர்கனும் செய்யும் குடும்பத் தொழிற்சாலையில் வளர்ந்த எட்வின் லிங்க், ஆர்கனின் காற்றுத்துருத்திகளைக் கொண்டே 1929 அளவில் அமைத்த லிங்க் பயிற்சிப் பெட்டியில் மிதியை அழுத்தினால் பெட்டியே திரும்பும்.

பக்கக்காற்று: ஒரு கணக்கு

மிதியின் தேவை மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் பக்கக்காற்றில் தரையிறங்குதல் ஆகும். சென்னை விமான நிலையத்தின் முதன்மை ஓடுபாதை 07/25 எனக் குறிக்கப்படுகின்றது. 07 என்பது ஏறத்தாழ 70 பாகைத் திசையை, அதாவது கிழக்கு-வடகிழக்கைக் குறிக்கும். கோடைக்காலப் பிற்பகலில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து, 120 பாகைத் திசையிலிருந்து, 10 நாட் வேகத்தில் வீசுவதாகக் கொள்வோம். ஓடுபாதைக்கும் காற்றுக்கும் இடைக்கோணம் 50 பாகை. 50 பாகையின் சைன் மதிப்பு 0.766 ஆதலால், வலப்புறமிருந்து தள்ளும் பக்கக்காற்று 7.7 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 14 கி.மீ. ஆகும். செஸ்னா 172 இன் கையேடு 15 நாட் வரையிலான பக்கக்காற்றில் இறங்கிக் காட்டப்பட்டதாகக் குறிப்பிடுவதால் இது கடுமையான காற்றன்று, பழகுவதற்கு ஏற்றது.

இக்காற்றில் வானூர்தி மூக்கைச் சற்று வலப்புறம் வைத்துக்கொண்டு, நண்டு நடப்பது போல ஓடுபாதையை நோக்கி வரும். சக்கரம் தரையைத் தொடுமுன் இடது மிதியை அழுத்தி மூக்கை ஓடுபாதைக்கு நேராகக் கொணர வேண்டும். கூடவே, காற்று தள்ளிவிடாதிருக்க வலது இறக்கையைச் சிறிது தாழ்த்த வேண்டும். தரையைத் தொட்ட பின்னும் வால் காற்றாடி போலத் திரும்ப முயல்வதால் இடது கால் ஓயாது. கையும் காலும் எதிரெதிர்ப் பக்கமாக, வெவ்வேறு அளவில் இயங்க வேண்டிய இச்செயலைக் கைப்பிடியை முறுக்கும் ஜாய்ஸ்டிக்கால் செய்து பார்த்தவர்கள் அதன் சிரமத்தை அறிவர். மணிக்கட்டைச் சாய்க்கும்போது அது அறியாமலே முறுக்கவும் செய்கின்றது.

காலின் விசை

மிதி எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது சுவை சார்ந்த கேள்வி போலத் தோன்றும். அது அப்படியன்று. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 ஆம் இலக்கப் பறப்பு, முன்னே சென்ற போயிங் 747 விட்டுச்சென்ற சுழல்காற்றில் சிக்கியது. துணை விமானி சுக்கான் மிதிகளை மாறி மாறி வலுவாக அழுத்தியதில் அந்த ஏர்பஸ் ஏ300-600 இன் செங்குத்து வால் முறிந்து வீழ்ந்தது. வானூர்தியில் இருந்த 260 பேரும் தரையில் 5 பேரும் இறந்தனர். 2004 இல் வெளியான அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை, தேவையற்ற, அளவுகடந்த மிதி இயக்கத்தைக் காரணமாகக் கூறியது. அவ்வகை வானூர்தியின் சுக்கான் அமைப்பும், நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தின் சில கூறுகளும் துணைக் காரணங்களாகச் சுட்டப்பட்டன. வேகம் கூடும்போது அவ்வானூர்தியில் மிதியின் பயணத் தூரம் குறைந்து, சிறிய அழுத்தமே சுக்கானை எல்லைவரை கொண்டுசென்றுவிடும்.

அமெரிக்கச் சிறு வானூர்தித் தகுதி விதிகள், விமானி மிதியில் தற்காலிகமாகச் செலுத்த நேரும் விசைக்கு 150 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 68 கிலோகிராம் எடையளவை மேல் எல்லையாக வைத்திருந்தன. வீட்டுக் கருவிகள் இதன் அருகில்கூட வருவதில்லை. பஞ்சுபோல இளகிய மிதி, காலை உதைக்கப் பழக்குகின்றது. சிறிதே எதிர்க்கும் மிதி, காலை அழுத்தப் பழக்குகின்றது. ஆகையால் இறுக்கத்தை மாற்றும் வசதி உள்ள கருவியே விரும்பத்தக்கது.

தேர்ந்தெடுத்தல்

விற்பனையில் கிடைக்கும் கருவிகளில் மிதி நகரும் விதம் மூவகை: தண்டவாளம் போன்ற பாதையில் வழுக்கிச் செல்வது, நடு அச்சில் சுழலும் சட்டத்தில் அமைவது, மேலிருந்து ஊசல் போலத் தொங்குவது. வழுக்கு வகை விலை குறைவு. திரஸ்ட்மாஸ்டர் நிறுவனத்தின் டி.எஃப்.ஆர்.பி. இவ்வகையைச் சேர்ந்தது. இதில் இரு மிதிகளும் மிக நெருங்கி அமைந்திருப்பதால் உயரமானவர்களுக்கு முழங்கால்கள் ஒட்டிக்கொள்ளும். நீண்ட காலம் விற்கப்பட்ட சி.எச். புராடக்ட்ஸ் நிறுவனத்தின் புரோ பெடல்ஸ் கருவிக்கும் இதே குறை உண்டு. சைடெக் என்ற பெயரில் அறிமுகமாகி, 2016 இல் அவ்வணிகப் பெயரை லாஜிடெக் வாங்கிய பின் அதன் பெயரில் விற்கப்படும் மிதிகள் அகலமானவை; நடுவிலுள்ள திருகால் இறுக்கத்தை மாற்றலாம். திரஸ்ட்மாஸ்டரின் டி.பி.ஆர். ஊசல் வகையைச் சேர்ந்தது. எடை ஏறத்தாழ 7 கிலோகிராம். குரோவாசியாவில் செய்யப்படும் எம்.எஃப்.ஜி. கிராஸ்விண்ட் சுழல் சட்ட வகை. உயர்ந்த தரம், உயர்ந்த விலை.

உருவத்தைக் காட்டிலும் முக்கியமானது உள்ளே இருக்கும் உணரி. பழைய, மலிவான கருவிகளில் வானொலிப் பெட்டியின் ஒலித்திருகில் உள்ளதைப் போன்ற மாறுமின்தடை பயன்படுகின்றது. கரிப்பட்டையின் மீது ஒரு தொடுமுனை உரசிச் செல்வதால் நாளடைவில் தேய்ந்து, தூசி படிந்து, மிதியைத் தொடாமலே மூக்கு துடிக்கத் தொடங்கும். ஹால் விளைவு உணரியில் உரசல் இல்லை. காந்தத்தின் புலம் மாறுவதைச் சில்லு அளக்கின்றது. உருக்காலைகளும் ரோலிங் மில்களும் நிறைந்த கும்மிடிப்பூண்டியின் காற்றில் மிதக்கும் நுண்தூசியையும், பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் உப்பீரத்தையும் எண்ணினால், இப்பகுதி வாசகர்கள் கூடுதல் பணம் கொடுத்தேனும் ஹால் உணரிக் கருவியை வாங்குவது தகும்.

அடுத்தது நடுநிலை. காலை எடுத்தால் மிதி தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். ஆனால் நடுவில் பள்ளத்தில் விழுந்தது போலச் சிக்கிக்கொள்ளக் கூடாது. பல மலிவுக் கருவிகளில் இச்சிக்கல் உண்டு. பறக்கும் நேரத்தில் பெரும்பகுதி நடுவையொட்டிய சிறு அசைவுகளிலேயே கழிவதால், பள்ளத்திலிருந்து வெளியேறத் தேவைப்படும் விசையே அளவை மீறிய அசைவாகிவிடும்.

பாதத்தின் நுனியால் அழுத்தும் சக்கரத்தடை எல்லோருக்கும் தேவைப்படாது. செஸ்னா 172 இல் மூக்குச்சக்கரம் மிதியால் ஏறத்தாழ 10 பாகை திரும்பும். ஒரு பக்கத் தடையையும் சேர்த்தால் 30 பாகை வரை திரும்பும். எனவே தரையில் குறுகிய திருப்பங்களுக்குத் தடை வேண்டும். ஸ்பிட்ஃபயர் போன்ற பழைய பிரித்தானியப் போர் வானூர்திகளில் தடை கைப்பிடியில் இருந்தது. அவற்றை மட்டும் பறக்க விரும்புவோருக்கு வி.கே.பி. நிறுவனத்தின் டி-ரடர் போன்ற தடையற்ற எளிய கருவி போதும்.

உலங்கு வானூர்தி விரும்பிகளின் கணக்கே வேறு. அங்கே மிதிகள் சுக்கானை இயக்குவதில்லை. வால்விசிறியின் இழுவிசையை மாற்றுகின்றன. பல உலங்கு வானூர்திகளில் மிதி வைத்த இடத்திலேயே நிற்கும் என்பதால், சுருள்வில்லைக் கழற்றிவிடக்கூடிய கருவி தேவை. திருவள்ளூர் மாவட்டத்தை அடுத்த அரக்கோணத்தில் 1992 இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை வானூர்தித் தளத்தில் கடற்படையின் உலங்கு வானூர்திப் பயிற்சிப் பள்ளி உள்ளது. அங்குப் பயிற்சிக்குப் பயன்பட்டு வந்த சேத்தக், பிரான்சின் அலூவெட் 3 வடிவமைப்பைச் சேர்ந்தது. மேலிருந்து பார்த்தால் அதன் முதன்மை விசிறி வலஞ்சுழி. ஆகவே விசையைக் கூட்டும்போது வலது மிதி. அமெரிக்க உலங்கு வானூர்திகளில் இடது மிதி. பாவனையாக்கியில் பெல் வகையில் பழகிவிட்டுச் சேத்தக்கில் ஏறும் கால், முதல் எழும்பலிலேயே தடுமாறும்.

மகிழுந்துப் பந்தய விளையாட்டுக்கான மிதிகளைச் சுக்கானுக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகின்றது. இம்மாவட்டத்தின் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால வான்தளத்தின் ஓடுபாதையில்தான் பல ஆண்டுகள் மோட்டார் பந்தயங்கள் நடந்தன. 1990 இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம் வந்த பின்னரே அவை இடம் மாறின. வானூர்திப் பாதையில் மகிழுந்து ஓடியது போல, மகிழுந்து மிதியால் வானூர்தியையும் ஓட்டலாம் என்பதே விடை. சில மென்பொருள்கள் முடுக்கியையும் தடையையும் ஒரே அச்சாக இணைக்க இடந்தருகின்றன. ஆனால் ஒன்றை அழுத்தும்போது மற்றது பின்னே வராது. உண்மை மிதிகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை. இடது கால் முன்னே போனால் வலது கால் பின்னே தள்ளப்பட வேண்டும். இதைத் தற்காலிக ஏற்பாடாக மட்டுமே கொள்ளலாம்.

தரையும் நாற்காலியும்

வெளிநாட்டு மதிப்புரைகள் கம்பளம் விரித்த தரையையும் காலணி அணிந்த காலையும் மனத்திற்கொண்டு எழுதப்படுகின்றன. நம் வீடுகளில் தரை டைல்ஸ் அல்லது மொசைக், கால் வெறுங்கால். இரண்டும் தேர்வை மாற்றும். வழவழப்பான தரையில் 3 கிலோ எடையுள்ள கருவி, ஒரே அழுத்தில் மேசைக்கு அடியில் ஓடிவிடும். அதனை நிறுத்தினால், சக்கர நாற்காலி பின்னே ஓடும். கருவியை ஒரு ஒட்டுப்பலகையில் திருகி, அப்பலகையை நாற்காலியின் முன்கால்கள் வரை நீட்டி, நாற்காலிக் கால்களை அதில் பதிய வைப்பது இரண்டுக்கும் தீர்வாகும். காலின் விசையும் எதிர்விசையும் ஒரே பலகைக்குள் அடங்கிவிடுவதால் எதுவும் நகராது. சக்கரமில்லாத மர நாற்காலி இதற்கு மிகப் பொருத்தம்.

வெறுங்காலுக்குத் தடித்த நெகிழித் தட்டின் கூர்விளிம்பு அரைமணி நேரத்தில் வலியைத் தரும். குதிகால் ஊன்றும் இடம் உள்ளதா, விளிம்பு மழுங்கலாக உள்ளதா என்பதை வாங்குமுன் பார்க்க வேண்டும். மெல்லிய ரப்பர் தாளை ஒட்டிக்கொள்வதும் உண்டு.

உள்ளூர்ப் பட்டறையில் செய்தல்

இறக்குமதிக் கருவிகளின் விலையில் சுங்கவரியும் அனுப்புகூலியும் சேர்வதோடு, பழுதானால் திருப்பி அனுப்பும் தொல்லையும் உண்டு. லேத், வெல்டிங் பட்டறைகள் அருகிலேயே இருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட், திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் வாழ்வோருக்கு, செய்துகொள்வதே மலிவாக அமையலாம்.

எளிய வடிவம் நடு அச்சுச் சட்டமாகும். இரும்புச் சதுரக் குழாயால் சட்டமும் அதற்கு இணையாக இன்னொரு சட்டமும் அமைத்து, இணைகர வடிவில் மிதிகளைக் கோத்தால், சட்டம் சுழன்றாலும் மிதி முன்னோக்கியே நிற்கும். சுழல் அச்சுக்கு வீட்டு மின்விசிறிகளில் பயன்படும் 6202 பேரிங் இரண்டு போதும். அதன் உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 35 மி.மீ. அச்சிலிருந்து 20 செ.மீ. தொலைவில் மிதி அமைந்து, சட்டம் இருபுறமும் 20 பாகை சுழன்றால், மிதி ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 7 செ.மீ. நகரும். இரு இழுவைச் சுருள்விற்களை எதிரெதிரே மாட்ட வேண்டும். நடுநிலையிலும் இரண்டும் சற்று இழுபட்டே இருக்க வேண்டும். இல்லையேல் நடுவில் மிதி தொளதொளக்கும்.

மின்னணுப் பகுதிக்கு ஆர்டுயினோ லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ பலகை வழக்கமாகப் பயன்படுகின்றது. அவற்றிலுள்ள ஏ.டி.மெகா 32யு4 சில்லு கணினிக்குத் தன்னை ஜாய்ஸ்டிக்காகக் காட்டிக்கொள்ள வல்லது. இது 10 பிட் அளவியைக் கொண்டது. முழு வீச்சையும் 1024 படிகளாகப் பிரிக்கும். பலரும் கவனிக்கத் தவறும் இடம் இதுவே. மாறுமின்தடையின் முழுச் சுழற்சி 270 பாகை. சட்டம் சுழல்வதோ மொத்தம் 40 பாகை. நேரடியாக இணைத்தால் கிடைப்பவை ஏறத்தாழ 150 படிகளே; மூக்கு படிப்படியாகத் துள்ளும். சட்டத்தின் அச்சில் பெரிய பற்சக்கரமும் உணரியில் அதன் மூன்றிலொரு பங்கு அளவுள்ள சிறு பற்சக்கரமும் வைத்தால் 120 பாகை சுழற்சியும் ஏறத்தாழ 455 படிகளும் கிடைக்கும். 49இ போன்ற ஹால் சில்லைப் பயன்படுத்துவோர் காந்தத்தை இரும்புச் சட்டத்தில் நேராக ஒட்டுதல் கூடாது. இரும்பு காந்தப்புலத்தைத் தன்பக்கம் ஈர்த்து அளவீட்டைக் கோணலாக்கும். அலுமினியம் அல்லது பித்தளைத் துண்டில் ஒட்டுவதே முறை. வெல்டிங் முடிந்தபின் பவுடர் கோட்டிங் செய்யாவிடில், வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் துரு ஏறிவிடும்.

மென்பொருளில் அமைத்தல்

மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன், விலையின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருளான பிளைட்கியர் ஆகிய யாவும் இக்கருவிகளை ஏற்கும். முதலில் இயங்குதளத்தில் அளவு திருத்தம் செய்து, இருபுற எல்லைகளையும் நடுவையும் பதிய வேண்டும். தானியங்கிச் சுக்கானை அணைக்க வேண்டும். ஜாய்ஸ்டிக்கின் முறுக்கு அச்சையும் நீக்க வேண்டும்; இரண்டும் ஒருங்கே இருந்தால் ஒன்றோடொன்று மோதும். நடுவில் செயலற்ற பகுதியைப் பெரிதாக வைப்பது தேய்ந்த உணரியை மறைக்கும் உத்தி மட்டுமே. நல்ல உணரிக்கு அது சுழியமாகவோ மிகச் சிறிதாகவோ இருக்கலாம்.

புதிய மிதியை இணைத்தபின் வானூர்தி முழு விசையிலும் நகர மறுத்தால் கருவி பழுது என எண்ணிவிட வேண்டாம். தடை அச்சுகள் தலைகீழாகப் பதிவாகி, அழுத்தாதபோது முழுத் தடையும் அழுத்தும்போது விடுதலையுமாக இருப்பதே வழக்கமான காரணம். அமைப்புப் பக்கத்தில் அவ்விரு அச்சுகளையும் திருப்பிவிட்டால் வானூர்தி நகரும். பின்னர் 07 ஓடுபாதையில் காற்றில்லா நிலையில் சில முறையும், மேலே கணக்கிட்ட 10 நாட் தென்கிழக்குக் காற்றுடன் சில முறையும் இறங்கிப் பார்த்து, குண்டு எவ்வளவு ஒதுங்குகின்றது என்பதைக் கொண்டு சுருள்வில்லின் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.